பல்லவர் அரங்கும் பழைய இசையும்

மாமல்லபுரத்தில் பல்லவர் கற்கோயில்களைப் பின்புலமாக வைத்து ஆடலும் பாடலும் நிகழ்த்துவது வழக்கமாகிவிட்டது. 1990களில் தொடங்கிய நாட்டிய விழா அதற்குச் சான்று. 2019 அக்டோபர் 11 அன்று இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்குச் சந்தித்தபோது, கடற்கரைக் கோயிலின் முன் கலாக்ஷேத்திரக் கலைஞர்கள் ஆடினர். இத்தகைய நிகழ்ச்சிகளிலும் பல்லவர் கதை கூறும் நாடகங்களிலும் ஒலிப்பதைப் ‘பண்டைய இசை’ என்று போற்றுவோர் உளர். அச்சொல் பொருந்துமா என்பதே ஈண்டு எழும் வினா.

முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் இயற்றிய மத்தவிலாசம் என்னும் அங்கத நாடகம் முழுமையாகக் கிடைத்துள்ளது. காஞ்சியில் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுத் தேடும் கதை அது. சொல் நிலைத்தது, அன்று அதனோடு ஒலித்த இசை நிலைக்கவில்லை. குடுமியான்மலைக் கல்வெட்டில் சுரங்கள் நான்கு நான்காக, ஏழு பகுதிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அதனை மகேந்திரனுடையது என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. அச்சுரங்களைப் பாடும் முறையிலும் அறிஞர் ஒன்றுபடவில்லை.

இன்றைய மேடையிலோ, 642இல் வாதாபியை வென்ற நரசிம்மவர்மனுக்குப் பின்னே வயலின் ஒலிக்கிறது! அதனை நம் இசைக்குப் பழக்கியவராகப் போற்றப்படும் பாலுசாமி தீட்சிதர் பிறந்தது 1786இல். எழுபத்திரண்டு மேளகர்த்தா முறையை வேங்கடமகி வகுத்தது பதினேழாம் நூற்றாண்டில். இவற்றைக் கையாள்வது குற்றமன்று. நாடகத்துக்கு உணர்ச்சியே உயிர். பல்லவர் இசை என்று பெயரிட்டு அளிப்பதே குற்றம்.

நேர்மையான வழிகள் இரண்டு உள. ஒன்று ஆராய்ச்சி. விபுலானந்த அடிகள் பழந்தமிழ் நூற்சான்றுகளையும் கணிதத்தையும் துணைகொண்டு, மறைந்த யாழை மீட்க முயன்று, 1947இல் ‘யாழ் நூல்’ அளித்தார். மற்றொன்று, வழிவழியாக வாழும் மரபைக் கேட்பது. மத்தவிலாசத்தைக் கேரளத்துச் சாக்கையர் மிழாவும் தாளமும் ஒலிக்க, கோயில்களில் நேர்த்திக்கடனாக ஆடி வந்துள்ளனர். அதுவும் பல்லவர் கால இசையே எனச் சாதிக்க இயலாது. எனினும் நாடகமும் இசையும் பிரியாது வாழ்ந்த மரபு அது.

நம் செங்கற்பட்டு, காஞ்சிச் சிற்றூர்களிலும் அத்தகைய மரபு உண்டு. திரௌபதி அம்மன் விழாவில் விடியும்வரை நடக்கும் கூத்தில் முகவீணையும் மத்தளமும் தாளமும் கதையை நடத்திச் செல்கின்றன. அங்கும் ஆர்மோனியம் புகுந்துள்ளது. ஆயினும் கூத்தர் அதனைப் பல்லவர் சொத்து என்று கூறுவதில்லை! இவர்களை வரவேற்பு வாயிலில் ஒரு கணம் ஆடவிட்டு அனுப்புவது மதிப்பாகாது. வரலாற்று நாடகத்தின் இசையை அமைக்கும்போதே அழைத்துக் கலந்து பேசவேண்டும்.

கல்வெட்டு தந்தது எது, நாம் கருதிச் சேர்த்தது எது, இன்றைய இசை எது என்று அரங்கில் அறிவிக்க ஓரிரு நிமிடம் போதும். அதனால் விழாவின் சுவை குன்றாது. அறியாததை அறியோம் என்று ஒப்புவதே பழமைக்கு நாம் செய்யும் முதல் மரியாதை.