மூன்று நிமிடப் படமும் முதியவர் நலமும்

முதியவர்கள் பழங்கதை பேசினால் புத்தி தளர்ந்துவிட்டது என்று மருத்துவர்கள் ஒதுக்கிய காலம் உண்டு. 1963இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் அதை மறுத்தார். முடிவு நெருங்குவதை உணர்ந்த மனம் வாழ்ந்ததைத் திரும்பிப் பார்ப்பது இயல்பே என்று எழுதினார். இப்படி வாழ்ந்ததைச் சொல்லும் கதைகளை 1990களில் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் கலிஃபோர்னியாவின் ஜோ லாம்பர்ட் முக்கியமானவர். மூன்று நாள் பட்டறை, வட்டமாக உட்கார்ந்து பேச்சு, ஒரு பக்கக் கதை, சில புகைப்படங்கள், சொந்தக் குரல். இரண்டு மூன்று நிமிடப் படம் தயார். இதைத்தான் டிஜிட்டல் கதை என்கிறார்கள்.

பிரிட்டனில் பிப் ஹார்டியும் டோனி சம்னரும் 2003இல் தொடங்கிய 'பேஷண்ட் வாய்சஸ்' திட்டம் இதையே மருத்துவத்துக்குத் திருப்பியது. நோயாளிகளின் படங்கள் மருத்துவக் கல்வியில் பாடமாயின. படுக்கை எண்ணாகவும் எக்ஸ்ரேயாகவும் மட்டுமே தெரிந்த ஒருவர், அங்கே தன் குரலில் பேசும் மனிதராகிறார். இந்த முறையின் பெரிய வலு இதுதான்.

ஆனால் இதனால் முதியவரின் நலம் கூடுகிறதா? டிமென்ஷியா உள்ளவர்களிடம் பழைய நினைவுகளைப் பேசவைக்கும் சிகிச்சை பற்றி 2018இல் வெளியான காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, 22 ஆய்வுகளையும் 1,972 பேரையும் அலசியது. பலன் உண்டு, சிறிது. அதுவும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இத்தனைக்கும் அது பொதுவான நினைவுகூரலைப் பற்றியது. டிஜிட்டல் கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒப்பிட இன்னொரு குழுகூட இல்லாத சின்னச் சின்ன ஆய்வுகளே அதிகம். பட்டறை முடிந்து ஒருவர் தெம்பாக எழுந்து போனால், அது படம் செய்த வேலையா, மூன்று நாள் யாரோ காதுகொடுத்துக் கேட்டதன் பலனா? கேட்டதுதான் என்றே தோன்றுகிறது. அப்படியென்றால் நிதி முதலில் போகவேண்டியது டேப்லெட்டுக்கு அல்ல, உடனிருந்து கேட்பவரின் சம்பளத்துக்கு.

எடிட்டிங் மேஜையில் இன்னொரு சிக்கல். முதியவர் ஒரு பெயர் நினைவுக்கு வராமல் தடுமாறுகிறார். சொன்னதையே திரும்பச் சொல்கிறார். உதவிக்கு வந்த இளைஞர் இடைவெளியை வெட்டி, பின்னால் பியானோ சேர்க்கிறார். படம் மெருகேறுகிறது, ஆள் மாறிவிடுகிறார். கதையும் எப்போதும் இதமாக இருப்பதில்லை. பிள்ளையை இழந்தவரிடம் பழைய போட்டோவைக் கேட்டால் என்ன கிளறும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆறுதல் சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத பட்டறை ஆபத்துதான்.

சம்மதம் அதைவிடச் சிக்கலானது. 'பேஷண்ட் வாய்சஸ்' ஒரு கையெழுத்தோடு விடுவதில்லை; படம் முடிந்ததும் காட்டி, வெளியிடலாமா என்று மறுபடி கேட்கிறது. டிமென்ஷியா முற்றியவரிடம் அந்த இரண்டாவது கேள்விக்கு மகனோ மகளோதான் பதில் சொல்வார்கள். அதனால், படத்தை வெளியிடாமல் வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்பதும் படிவத்தில் ஒரு கட்டமாக இருக்கவேண்டும், அதுவும் முதல் நாளே.