குருகின் கண்ணும் தலைவியின் கண்ணும்

செய்யுளுக்குரிய உறுப்புகள் 34 என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாக 'நோக்கு' என்பதனையும் வைத்தார். மாத்திரை முதல் அடிகாறும் எதனையும் வாளா கடந்து செல்ல விடாமல், படிப்போனை நிறுத்தி மீண்டும் பார்க்கச் செய்வது நோக்கு. எழுத்து, அசை, சீர் என்று எண்ணத்தக்கவற்றின் இடையே படிப்போனின் கவனத்தையும் ஓர் உறுப்பாகச் சேர்த்த துணிவு வியக்கத்தக்கது. இவ்வுறுப்பு தொழிற்படும் திறத்திற்குக் குறுந்தொகையின் 25ஆம் பாட்டைக் காட்டலாம். பாடியவர் கபிலர், ஐந்தே அடி.

களவிற் கூடிய தலைவன் வரைவை நீட்டிக்கின்றான். தலைவி தோழியிடம் தன் நிலை உரைக்கின்றாள். அவன் தன்னைக் கூடிய அன்று அங்கு வேறு எவரும் இலர். அவன் சொன்ன சொல்லைப் பொய்ப்பானாயின் தனக்குப் போக்கில்லை. இருந்தது ஒரு குருகு, அதுவும் ஓடும் நீரில் ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. செய்தி அவ்வளவே. சாட்சிக் கையொப்பம் இல்லாத விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுவதை நாள்தோறும் காணும் என் போன்றோர்க்கு இவளது அச்சம் விளங்காமற் போகாது.

பறவை பேசாது, ஆதலின் சான்றாகாது என்று பொருள் கூறி நகர்ந்துவிடுதல் எளிது. கபிலருக்கு அதுவே போதுமாயின் 'ஒரு பறவை' என்று விட்டிருப்பார். அவரோ அதற்கு ஒரு வேலையைக் கொடுத்து நிறுத்துகின்றார். ஆரல் சேற்றில் புதைந்து வாழும் மெலிந்த, நீண்ட மீன். தேங்கிய நீரிலேயே அதனைக் காண்பது அரிது; இங்கோ நீர் ஓடுகின்றது. கண்ணை ஒரு நொடி எடுத்தால் இரை போயிற்று. எனவே அக்குருகு பின்னர் வந்து பேச மாட்டாதது மட்டுமன்று. அன்றே அது எதனையும் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது, கரையில் நிகழ்ந்தது அக்கண்ணுக்கு எட்டவில்லை.

1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிலர் பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து ஆடும் காட்சியைத் திரையில் காட்டி, எறிதல்களை எண்ணுமாறு பணித்தனர். எண்ணியவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர், ஆட்டத்தின் நடுவே கொரில்லா வேடமிட்டு நடந்து சென்ற ஆளைக் காணவே இல்லை. நம் குருகும் அவர்கள் இனமே. இதனைக் கொண்டு கபிலர் உளவியலை அன்றே கண்டுவிட்டார் என்று முழங்குவது விழா மேடைக்கு ஆகலாம், பாட்டுக்கு ஆகாது. கபிலர் ஆராயவில்லை. பசித்த ஒரு பறவையையும் அஞ்சிய ஒரு பெண்ணையும் ஒரே கரையில் நிறுத்தினார்.

அப்பெண்ணின் கண்ணுக்கு வருவோம். குருகின் கால் சிறியது, பசியது, தினைத்தாள் போன்றது என்கின்றாள். தினைப்புனம் காக்கும் குறிஞ்சி நிலத்து மகள் அவள். நீர்ப்பறவை ஒன்றின் காலைக் கண்டபோதும், தான் நாள்தோறும் கண்டு பழகிய தாளே அவள் நினைவுக்கு வருகின்றது. உவமை வெறும் புனைவுமன்று. குளத்துக் கொக்கின் கால் மங்கிய பச்சை நிறமே. யமுனைக் கரையில் நிற்கும் அதே கொக்கின் காலுக்குத் தலைநகரில் வளரும் நம் பிள்ளைகள் வேறு உவமைதான் தேட வேண்டும். தினையை அவர்கள் பொட்டலத்தில் மட்டுமே கண்டவர்கள்!

ஆயின், அத்தகைய பொழுதில் ஒரு பெண் கொக்கின் காலையா நோக்குவாள்? யாரேனும் காண்கின்றனரோ என்ற நாணத்தால் அன்றே சுற்றுமுற்றும் பார்த்திருக்கலாம் என்பது ஒரு விடை. எனக்கு அது நிறைவு தரவில்லை. ஐந்தடிகளில் குருகு இரண்டடிக்கு மேல் கொள்கின்றது. தலைவன் முகம் எங்கும் இல்லை. அவன் உரைத்த சூளுறவோ 'அது' என்ற ஒரு சுட்டுக்குள் ஒடுங்கிவிட்டது. அந்நாளின் இன்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று இன்பத்தில் தோய்ந்திருந்தவள் பாராட்டாத ஒன்றை, இன்று அச்சம் கொண்டவள் நினைவில் துழாவித் துழாவி எடுக்கின்றாள் என்றே கொள்கின்றேன். வேறு எவரேனும் இருந்தனரா என்று தேடத் தேட, மற்றவை யாவும் மங்கி அந்தப் பசுங்கால் மட்டும் தெளிவாகின்றது. பசி குருகின் கண்ணை ஆரலிடம் கட்டியதைப் போல, அச்சம் இவள் கண்ணைக் குருகிடம் கட்டிவிட்டது.

சான்று இல்லை என்று வருந்துபவள், தன்னை அறியாமலே ஒரு சான்று தந்துவிடுகின்றாள். அக்கரையில் இல்லாத ஒருத்தி அக்காலின் நிறத்தை இத்துணை நுட்பமாகச் சொல்லியிருக்க மாட்டாள். ஊரார் இதனை ஏற்கார். மன்றத்திலும் இது செல்லாது. தோழிக்குப் போதும். ஆனால் கபிலர் தோழியைப் பேச விடவில்லை. கள்வன் என்று இவள் சுட்டியவன் அன்று எதனைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதையும் அவர் கூறவில்லை.