காதுக்குள் ஒரு மேஸ்திரி: பேஸ் கிடாரும் காலத்தின் அதிகாரமும்

1

ஊர்க் கொடைகளில் மெல்லிசைக் கச்சேரி கேட்கிற நாம் யாரைப் பார்க்கிறோம்? பாடகரை, பாடகியை, அப்புறம் கீபோர்டுக்காரரை. கையை உயர்த்தி அடிக்கிறபோது ட்ரம்ஸ்காரரையும். இவர்களுக்குப் பின்னால், நாலே கம்பிகள் கொண்ட நீளமான கிடாரோடு அதிகம் அசையாமல் நிற்கிற மனிதரை யாரும் பார்ப்பதில்லை. அவர் வாசிப்பதைத் தனியாகக் கேட்டதாகவும் யாரும் சொல்வதில்லை. ஆனால் பல்லவியின் நடுவே அவர் கையை எடுத்துவிட்டால் போதும், பாட்டின் தரை நழுவியதைக் கூட்டம் முழுக்க உணரும். போனது என்ன என்று மட்டும் சொல்லத் தெரியாது. இருக்கும்போது கவனிக்கப்படாமல், இல்லாதபோது மட்டுமே உணரப்படுகிற இந்த உழைப்பைப் பற்றி நம் இசை விமர்சனம் (அப்படி ஒன்று இருக்குமானால்) அதிகம் பேசியதில்லை. ராகத்தைப் பேசியிருக்கிறோம். குரலைப் பேசியிருக்கிறோம். பாடல் வரிகளைக் கட்டவிழ்த்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம்.

இக்கட்டுரை அப்படி நிற்கிற ஒருவரின் காதுக்குள் ஒலிக்கிற 'டிக் டிக்'கைப் பற்றியது.

2

பேஸ் கிடாரின் தடித்த கம்பி, திறந்த நிலையில், நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு கொடை மேடையின் அகலம். டீக்கடை ரேடியோவின் உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் இதை எழுப்ப முடியாது. அது எழுப்புகிற மேல் அதிர்வுகளை வைத்துக்கொண்டு, இல்லாத கீழ்ச்சுருதியை நம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. 1976இல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜா, பேஸ் வாசிப்பையும் தாமே மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதித் தந்தவர். சுருதிக்குத் துணை என்பதைத் தாண்டி, பாட்டுக்குக் கீழே ஓடும் இன்னொரு பாட்டாக அதை ஆக்கியவர். அந்தக் கீழ்ப்பாட்டை எங்கள் ஊர் டீக்கடையில் பாதி கேட்டது, மீதியைக் கற்பித்துக்கொண்டது. முழு உடம்போடு, வயிறு அதிர அதைக் கேட்க வைத்தவை கொடை மேடைகள்தாம். மேடை பேஸ் என்பது சினிமாப் பாட்டின் நகல் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

லியோ ஃபெண்டர் 1951இல் கலிஃபோர்னியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கிடாருக்கு 'பிரிசிஷன்' என்று பெயர். துல்லியம் என்று பொருள். அதற்கு முன் வாசிக்கப்பட்ட ஆளுயர டபுள் பேஸில் மெட்டுக்கள் கிடையாது. சுருதி விரலின் பொறுப்பு. ஃபெண்டரின் கருவியில் பதித்த மெட்டுக்கள் அந்தப் பொறுப்பை விரலிடமிருந்து மரத்துக்கு மாற்றின. சுருதியின் துல்லியம் கருவிக்குப் போனாலும் காலத்தின் துல்லியம் வாசிப்பவரிடமே இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டது கிளிக்.

3

கிளிக் மேடையில் பிறந்ததல்ல. 1920களின் கடைசியில் அமெரிக்கக் கார்ட்டூன் படங்களுக்கு இசை சேர்த்தவர்கள் பிலிம் சுருளில் சம இடைவெளியில் துளையிட்டார்கள். துளை கடக்கும்போதெல்லாம் ஹெட்போனில் 'டிக்' என்று ஒலிக்கும். நொடிக்கு 24 சட்டகம் ஓடுகிற படத்தில் 12 சட்டகத்துக்கு ஒரு துளை என்றால் நிமிடத்துக்கு 120 அடி. பூனை தடுக்கி விழுகிற இடத்தில் தாளமும் விழுந்தாக வேண்டும். இசைஞர், ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒரு பிம்பத்திடம் தன் காலத்தை ஒப்படைக்கிறார்.

இதே ஏற்பாடு பிறகு மேடைக்கும் வந்தது. 1971இல் 'தி ஹூ' குழு 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' பாடலை மேடையேற்றியபோது, பதிவு செய்த சிந்தசைசர் ஒலி நாடாவில் ஓடியது. அதைத் தவறவிடாமலிருக்க ட்ரம்மர் கீத் மூன் ஹெட்போன் மாட்டிக்கொண்டார். நாடா யாருக்காகவும் காத்திருக்காது.

நம் கொடை மேடையில் இன்று நாடாவின் இடத்தில் லேப்டாப். எனக்குத் தெரிந்த பேஸ்காரர் ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், விளக்கினார்: ஒலி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் வயலின் கூட்டமும் கோரஸும், அது சனங்களுக்கு. மறுபக்கம் கிளிக், அது அவருக்கும் ட்ரம்ஸ்காரருக்கும். முன்பு அவருக்குப் பின்னால் ஓர் ஆம்ப் பெட்டி இருக்கும். அதன் அதிர்வு அவர் முதுகைத் தொட்டு, ட்ரம்ஸ்காரரின் முக்காலியை உலுக்கி, பாடகியின் காலடி வரை போகும். இப்போது கிடாரின் ஒயர் ஒரு சின்ன டி.ஐ. பெட்டிக்குள் நுழைந்து நேரே மிக்ஸருக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பி அவர் காதுக்கு மட்டும் வருகிறது. காது கெடுவதில்லை, மைக் ஊளையிடுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆளுக்கொரு கலவை, ஆளுக்கொரு அறை என்றாகிவிட்டது. ஒரே மேடையில் ஐந்து பேர் தனித்தனியாக வாசிக்கிறார்கள்.

ஆலை முதலாளித்துவம் காலத்தை எப்படி மாற்றியது என்று இ.பி. தாம்ப்சன் 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். வேலை முடிகிறவரை வேலை என்பது போய், மணி அடிக்கிறவரை வேலை என்றானது. போகப்போக அந்தக் கடிகாரம் தொழிலாளியின் மனசுக்குள்ளேயே குடியேறியது. கிளிக், காதுக்குள் இறங்கிய ஆலைக் கடிகாரம் எனலாம். கூடவே நிற்கிற மேஸ்திரி. கண்ணுக்குத் தெரியாததால் எதிர்த்துப் பேச முடியாத மேஸ்திரி.

4

இப்படி நான் சொன்னதும் அண்ணன் சிரித்தார். அவருக்கு வேறொரு கதை சொல்ல இருந்தது. அவர் கம்பி மாற்றுவதில்லை. "புதுக் கம்பி கணகணன்னு கத்தும் தம்பி. பழசுதான் மண்ணு மாதிரி இருக்கும்." காசும் ஒரு காரணம். கேலி செய்கிறவர்களுக்கு அவர் சொல்கிற பதில், டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சன். 1962ஆம் வருஷத்து பிரிசிஷன் பேஸில், தட்டையாகச் சுற்றிய தடித்த கம்பிகளை, அறுந்தாலொழிய மாற்றாமல், ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்த கறுப்பினக் கலைஞர்.

ஜேமர்சன் வேலை பார்த்த மோட்டவுன் நிறுவனத்தை 1959இல் தொடங்கிய பெர்ரி கோர்டி, அதற்குமுன் லிங்கன்-மெர்குரி கார் ஆலையில் தொழிலாளி. கார் உருவாகிற வரிசையைப் பார்த்தே பாட்டுக்கும் ஒரு வரிசை அமைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்தப் பாட்டு ஆலையில் 1960களில் கிளிக் வழக்கமில்லை. ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்தார்கள். பகலில் ஸ்டுடியோ, இரவில் கிளப் மேடை.

அதே நகர வட்டாரத்தில், கிரைஸ்லர் கம்பெனியின் டாட்ஜ் ஆலையில், 1968 மே மாதம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். காரணம், வரிசையின் வேகத்தை நிர்வாகம் ஏற்றிக்கொண்டே போனது. அந்தப் போராட்டத்திலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களின் 'டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம்' உருவானது. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'டிரம்' என்று வரும். கூலியைப் போலவே வேகமும் ஒரு கோரிக்கை என்பதை இந்த வரலாறு சொல்கிறது.

இதை வைத்துக்கொண்டு 'கிளிக் இல்லாத பொற்காலம்' என்று ஒரு பெருங்கதையாடலை நாம் கட்டிவிடக் கூடாது. தன் காலத்தைத் தானே வைத்திருந்த ஜேமர்சனின் பெயர், 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வருகிறவரை அந்த நிறுவனத்தின் ஆல்பங்களில் அச்சாகவில்லை. 1972இல் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. 1983இல், 47 வயதில், அவர் இறந்துபோனார்.

5

அண்ணனின் மறுப்பு இதைவிட நேரடியானது. "கிளிக்கு இல்லாட்டா பாடகர் சொல்லுததுதான் வேகம் தம்பி. குஷியில வந்தா பாட்டு ஓடும். தொண்டை கட்டிருந்தா படுத்துக்கிடும். கடைசில ஏச்சு வாங்குதது யாரு? நானும் ட்ரம்ஸ்காரனும். கிளிக்கு வந்த பிறகு அந்த ஏச்சு இல்ல."

இதைத் தட்டிவிட முடியாது. மனிதர் கையில் இருந்தபோதும் காலம் எல்லார் கையிலும் இருந்ததில்லை. பெரிய வித்வான் இழுத்த காலப்பிரமாணத்துக்குப் பக்கவாத்தியக்காரர் போயாக வேண்டும். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவருக்கும் தாளம் தட்டுகிறவருக்கும் சுவரொட்டியில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எந்திரம் அதிகாரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. இருந்த அதிகாரத்துக்கு முகமில்லாமல் செய்திருக்கிறது.

தவிரவும், கிளிக்குக்குள்ளும் ஓர் இடம் மிஞ்சியிருக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 500 மில்லி நொடி. அதில் பத்தோ இருபதோ பின்னால் சாய்ந்து வாசித்தால் பாட்டு கனக்கும், முன்னால் சாய்ந்தால் துள்ளும். "டிக்குக்கு மேலயே விழுந்தா அது வாசிப்பு இல்ல, டைப்படிக்கது" என்பார் அண்ணன். ஆக, கிளிக் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. வேகத்தை யார் வைக்கிறார்கள், அதை நிறுத்தும் பொத்தான் யார் கையில் என்பதே கேள்வி.

6

2023 ஆடிக் கொடை ஒன்றில் அந்தப் பொத்தான் தானே அமுங்கியது. சரணத்தின் நடுவே லேப்டாப் உறைந்துவிட்டது. வயலின்கள் போயின, கோரஸ் போனது, கிளிக்கும் போனது. அண்ணன் வாசிப்பை நிறுத்தவில்லை. காதில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ட்ரம்ஸ்காரரைப் பார்த்தார். பாடகி திரும்பி இருவரையும் பார்த்தார். பாட்டு கொஞ்சம் தளர்ந்தது, பல்லவியில் நிமிர்ந்தது. முன்னால் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை நிறுத்தவே இல்லை.

அன்றைய பாடம் என்னவாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தது வேறு. குழு முதலாளி கற்றுக்கொண்டது வேறு. 2024 கொடைக்கு இரண்டு லேப்டாப்புகள் வந்தன, அண்ணன் வரவில்லை. "பேஸுதான் டிராக்லயே கெடக்கே, தனியா எதுக்கு ஒரு சம்பளம்" என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

இதை முதலாளியின் பேராசை என்று எழுதிவிட்டு எழுந்து போயிருப்பேன். ஆனால் சமீபத்தில் நம்முடைய ஓர் இயக்க மேடையில் உழைப்பைப் பற்றிய பாட்டு ஒன்று மைனஸ் டிராக்கில் ஒலித்தது. தோழர் ஒருவர் மைக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பாடினார். நல்ல குரல். கைதட்டினோம். பிறகு செலவுக் கணக்கைப் பார்த்தேன். பந்தல், ஒலிபெருக்கி, சாப்பாடு எல்லாம் இருந்தது. வாத்தியக்காரர் என்று ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "பட்ஜெட் இல்ல தோழர்" என்றார்கள். பொய்யில்லை. குழு முதலாளி சொன்னதும் இதைத்தான்.

அடுத்த கூட்டத்துக்குப் பத்துப் பாட்டு வேண்டாம், நாலு பாட்டு போதும், ஆள் வைத்து வாசிப்போம் என்று சொல்லியிருக்கிறேன். வேகத்தை வாசிக்கிறவர்கள் பேசி வைத்துக்கொள்ளட்டும். செயற்குழுவில் இன்னும் முடிவாகவில்லை. அண்ணனிடமும் கேட்டுவிட்டேன். கம்பியைத் தளர்த்தி உறைக்குள் வைத்திருப்பதாகவும், முறுக்கேற்ற ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும் என்றும் சொன்னார்.