மறையாத கை

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் வெளிவந்தது. பெயர் ‘இரும்புக்கை மாயாவி’. ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேலுக்கு ஒரு கை எஃகால் ஆனது. விபத்து ஒன்றில் அவன் உடம்பில் மின்சாரம் பாய்கிறது. உடம்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அன்று தொடங்கி அரை நூற்றாண்டாகத் தமிழ் வாசகர்கள் இவனைக் கொண்டாடுகிறார்கள், பழைய பிரதிகளைத் தேடி அலைகிறார்கள். ஆனால் இந்தப் படக்கதை எதனால் நன்றாக இருக்கிறது என்று நின்று நிதானமாகச் சொன்னவர்கள் குறைவு. அன்பு நிறையக் கிடைத்தது, அலசல் கிடைக்கவில்லை. இதே விருதுநகர் மாவட்டம் தந்த இன்னொரு செல்வத்துக்கு அந்தக் குறை நேரவில்லை. மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ 2018-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கரிசல் பூமியின் நாகஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய அந்த நாவலை எடுத்துப் பேச நம்மிடம் ஒரு விமர்சன மொழி ஏற்கெனவே இருந்தது. பக்கத்துச் சிவகாசியில் அச்சான அறிவியல் படக்கதைக்கு அப்படி ஒரு மொழி இன்னும் அமையவில்லை. ரசிகமணி டி.கே.சி. கம்பன் பாட்டை எடுத்துப் பிரித்துக் காட்டியதுபோல ஒரு படக்கதையையும் பிரித்துக் காட்ட முடியும் என்பதே என் கட்சி. அந்த வேலைக்கு மாயாவியைவிடப் பொருத்தமான படைப்பு தமிழில் வேறு இல்லை.

மாயாவியின் அழகு முழுவதும் ஒரே ஒரு விதியில் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவான், கை மறையாது. நம் நாட்டார் கதைகளில் மறைந்து திரிய மை உண்டு. தடவிக்கொண்டவனை யாராலும் பிடிக்க முடியாது, அதனாலேயே அவனைப் பற்றி நமக்குக் கவலையும் பிறப்பதில்லை. மாயாவிக்குக் கிடைத்த வரமோ ஓட்டையுள்ள வரம். எதிரி அவனைத் தேட வேண்டியதில்லை, கையைத் தேடினால் போதும். அந்த மறைவும் நிலையானதல்ல. சக்தி தீர்ந்ததும் உடம்பு வெளிப்பட்டுவிடும், மறுபடி மின்சாரம் தேடிப் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு அறையிலும் வாசகனின் கண் இரண்டைத் தேடுகிறது: கையை ஒளிக்க ஓர் இடம், மின்சாரம் எடுக்க ஓர் இடம். கதாசிரியர் பரபரப்பை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்ட வேண்டிய அவசியமே இல்லை, விதி தானாகவே அதைச் சுரக்கிறது. தொடக்கக் கதையில் கிராண்டேல் நல்லவனும் அல்ல. வல்லமை கிடைத்த வேகத்தில் குற்றத்தில் இறங்குகிறான், பிறகுதான் திருந்தி நிழல் படை என்ற உளவு அமைப்பில் சேர்கிறான். மறைய முடிந்த மனிதன் முதலில் செய்வது என்ன என்ற கேள்வியைச் சிறுவர் கதை ஒன்று இவ்வளவு நேராகக் கேட்டது சின்ன விஷயமல்ல.

இந்த விதியை ஓவியமாக்கியவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919-இல் பார்சிலோனாவில் பிறந்த ஸ்பானிய ஓவியர். பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழ் 1962 அக்டோபரில் தொடங்கியபோது, அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் புல்மர் எழுத, பிளாஸ்கோ வரைய, இந்தத் தொடர் முதல் இதழிலேயே இடம்பெற்றது. பின்னர் டாம் டல்லி எழுதினார். பிளாஸ்கோவின் முன்னால் இருந்த சிக்கலை எண்ணிப் பாருங்கள். கதாநாயகன் பாதி நேரம் படத்திலேயே இல்லை. முகம் இல்லை, கண் இல்லை, நடை இல்லை. கோபமும் தயக்கமும் வலியும் அவசரமும் ஒரே ஒரு கையில் வந்தாக வேண்டும். மணிக்கட்டுவரை உள்ள ஓர் எஃகுத் துண்டை அவர் நடிக்க வைத்தார். விரல்கள் மடங்கியிருக்கும் அளவிலேயே ஆள் பதுங்குகிறானா பாய்கிறானா என்று தெரிகிறது. கை நிற்கும் உயரத்திலிருந்து தோள் எங்கே, தலை எங்கே என்று நம் கண்ணே கணக்குப் போட்டு, இல்லாத உடம்பை வரைந்துகொள்கிறது. பரதத்தில் முத்திரை பிடித்த கையைப் பார்த்து மலரையும் மானையும் காண்கிற பழக்கம் நமக்கு உண்டு. அதே பழக்கத்தைத்தான் இந்தப் பக்கங்கள் நம்மிடம் கேட்கின்றன. சுற்றிலும் இருப்பவையோ அசல் உலகத்துப் பொருள்கள்: கோட்டின் மடிப்பு, சுவரின் நிழல், ஈரத் தெருவின் மினுமினுப்பு. சுற்றியுள்ளதெல்லாம் அவ்வளவு நிஜமாக இருப்பதால் நடுவில் மிதக்கும் கையையும் நம்பிவிடுகிறோம். சாதாரணத் தாளில் அச்சிடும்போது நுண்கோடுகள் அடைபட்டுப் போகும், பெரிய கறுப்புத் திட்டுகள் பிழைத்துக்கொள்ளும். பிளாஸ்கோ கறுப்பை நம்பி வரைந்தவர். அதனால் அவருடைய நிழல்கள் கடல் கடந்து சிவகாசித் தாளுக்கு வந்தபோதும் கலையவில்லை.

தமிழ்ப் பதிப்பு சேர்த்த செல்வம் பெயரில் தொடங்குகிறது. மூலத் தலைப்பின் பொருள் எஃகு நகம் என்பதுதான். அது கையை மட்டும் சொல்கிறது, மனிதனைச் சொல்லவில்லை. ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி கனமானது, தொட்டறியக்கூடியது, மறையாதது. இரண்டாம் பாதி கண்ணுக்குப் பிடிபடாதது. கதையின் முழு முரணும் இரண்டே சொற்களில் வந்துவிட்டது. ‘மாயாவி’ என்ற சொல் வெறுமனே வந்ததும் அல்ல. வாலியோடு போரிட்டுப் பிலத்துக்குள் ஓடிய அசுரனின் பெயர் அது. இராமாயணம் கேட்ட காதுக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் அச்சமும் கொஞ்சம் வஞ்சமும் ஒலிக்கும். நல்லவனா கெட்டவனா என்று தீர்மானமாகாத ஒருவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. மின்சாரமும் ஆய்வுக்கூடமும் கொண்ட ஒரு கதையை, விளக்கம் எதுவும் சொல்லாமல், பழைய கதைமரபின் திண்ணையில் உட்கார வைத்துவிட்டது அந்த ஒரு பெயர். ‘உறைபனி மர்மம்’, ‘நாச அலைகள்’, ‘பாம்புத் தீவு’, ‘கொள்ளைக்கார மாயாவி’ என்று தொடர்ந்த தலைப்புகளிலும் அதே நெஞ்சுரம் இருக்கிறது. ஒன்றும் மொழிபெயர்ப்பாக ஒலிக்கவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் பார்த்துவிட வேண்டும். முதலாவது, இதில் அறிவியல் எங்கே என்பது. மின்சாரம் பாய்ந்தால் மனிதன் சாவான், மறைய மாட்டான். உடுத்த துணி மறையும்போது எஃகுக் கை மட்டும் ஏன் மறையவில்லை? எச்.ஜி. வெல்ஸ் 1897-இல் எழுதிய மறைமனிதன் நாவலில் துணி மறையாது. அதனால் அவன் குளிரில் ஆடையின்றி நடுங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கறாரான தர்க்கம் மாயாவியிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் வெல்ஸின் நாவல் நிற்பதும் ஆய்வுக்கூட உண்மையால் அல்ல. ஒரு பொய்யை முதலில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு பொய் சொல்லாமல் இருப்பதால்தான் அது நிற்கிறது. அறிவியல் புனைவுக்குப் பொருத்தமான உரைகல் இதுவே: போட்ட விதியை ஆசிரியர் மதித்தாரா, அதன் விளைவுகளைத் தப்பிக்காமல் சந்தித்தாரா? மாயாவியின் நல்ல கதைகள் இதில் தேறுகின்றன. தேறாத கதைகளும் உண்டு. விரலுக்குள் துப்பாக்கி, வானொலி என்று கையில் கருவிகள் சேரச் சேர, பலவீனமாக இருந்த கை பலமாக மாறி, விதியின் கூர்மை மழுங்குகிறது. இடையில் சில காலம் அவனுக்கு சூப்பர் ஹீரோ உடையும் மாட்டினார்கள், அது அவனைப் பத்தோடு பதினொன்றாக ஆக்கியது. ரசனை என்பது இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிவதுதான், எல்லாவற்றையும் ஒரே குரலில் புகழ்வதல்ல.

இரண்டாவது எதிர்ப்பு, இது இரவல் சரக்கு என்பது. ஓவியம் ஸ்பானியருடையது, கதை ஆங்கிலேயருடையது, சிவகாசிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கிறார்கள். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களைத் தழுவித் தமிழுக்குக் கொண்டுவந்ததை நம் நாவல் வரலாறு ஒதுக்கிவிடவில்லை. வாசிக்கும் பழக்கத்தையே அந்த நாவல்கள் பரப்பின என்று மதித்துச் சொல்கிறோம். அந்த நியாயம் படக்கதைக்கும் உண்டு. சிவகாசியின் பங்கு அதற்கும் மேலே போகிறது. இந்த ஊருக்கு அச்சு வந்த வழி தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் வந்த வழி. எழுத்துப் படிக்காதவரும் படத்தைப் பார்த்துச் சரக்கை அடையாளம் காண வேண்டும் என்ற தேவையிலிருந்து வளர்ந்த அச்சுத் தொழில் அது. உள்ளங்கை அளவுத் தாளில் ஓர் உருவம் பளிச்சென்று நிற்க வேண்டும் என்பது இங்கே அன்றாடத் தொழில் அறிவு. எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியதும், முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்து அதை வளர்த்ததும், சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984-இல் லயன் காமிக்ஸைத் தொடங்கியதும் இந்த ஊரில் நடந்தது தற்செயல் அல்ல. படத்தை நம்பிப் பிழைத்த ஊர், படத்தில் கதை சொல்லும் கலைக்கும் வீடானது.

மூன்றாவது எதிர்ப்பு வலுவானது. உயர்ந்த படைப்பு என்றால் காலத்திலேயே விமர்சகர்கள் கண்டுகொண்டிருக்க மாட்டார்களா? இதற்குப் பதில் தேடச் சற்றுத் தொலைவு போக வேண்டும். 2010-இல் ஜப்பானில் காவியா நிறுவனம் உருவாக்கி ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்ட ‘நியர்’ என்ற வீடியோ கேம், ஒரு பாத்திரத்தை ஏற்று அறிவியல் புனைவு உலகம் ஒன்றில் வாழ்ந்து பார்க்கும் வகையைச் சேர்ந்தது. இயக்கியவர் யோகோ டாரோ. விமர்சகர்கள் தந்த மதிப்பெண்களின் சராசரி நூற்றுக்கு 70-ஐ எட்டவில்லை. காட்சிகள் பழையவையாக இருக்கின்றன, எடுபிடி வேலைகள் அதிகம் என்றார்கள். தொடக்கத்து மீன்பிடிக்கும் பகுதியைத் தாண்ட முடியாமல் விட்டுவிட்டவரும் உண்டு. ஆனால் அந்த விளையாட்டின் விதி வேறு. முதல் முறை முடித்தவர் பாதிதான் பார்த்திருக்கிறார். இரண்டாம் முறை ஆடும்போதுதான் நாம் வெட்டி வீழ்த்திய உருவங்கள் பேசியதன் பொருள் தெரிகிறது, வீரம் என்று நினைத்தது குற்றமாக மாறுகிறது. கடைசி முடிவைக் காண வேண்டுமென்றால் அதுவரை சேமித்த ஆட்டம் முழுவதையும் அழிக்கச் சம்மதிக்க வேண்டும். தோற்றத்தையும் வசதியையும் அளந்த கோலுக்கு இந்த விதி அகப்படவில்லை. 2017-இல் பிளாட்டினம்கேம்ஸ் உருவாக்கிய ‘நியர்: ஆட்டோமாட்டா’ 90-ஐ ஒட்டிய சராசரியைப் பெற்றது. 2021-இல் பழைய ‘நியர்’ மெருகேறி மறுபடி வந்தபோது 80-ஐத் தாண்டியது. சண்டையும் காட்சியும் திருத்தப்பட்டிருந்தன என்பது உண்மை. ஆனால் அடிப்படைக் கதை அதே கதை, அந்த எடுபிடி வேலைகளும் அப்படியே இருந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் பெரிதும் மாறியது பார்ப்பவர்களின் கண். ஒரு படைப்பைத் தன் காலம் கண்டுகொள்ளவில்லை என்பது படைப்பின் மேல் தீர்ப்பு ஆகாது, பல நேரம் அது அளவுகோலின் மேல் தீர்ப்பு.

அப்படியானால் மாயாவி மீதான பிரியம் வெறும் பால்ய ஏக்கம்தானா என்று கேட்கலாம். ஏக்கம் அதில் கலந்திருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. அந்த வயதில் கையில் கிடைத்த எல்லாவற்றையும் அது ஒரேபோல நேசிக்கும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழில் வந்த படக்கதைகள் எத்தனையோ, அவற்றில் பல நாயகர்களின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில் இல்லை. மாயாவி இன்றும் மறுபதிப்பு கண்டு நிற்கிறான் என்றால், ஏக்கத்தால் மட்டும் அதை விளக்க முடியாது. ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய விதியும் ஒரு கோட்டில் வரைந்துவிடக்கூடிய உருவமும் அவனிடம் இருந்தன. கரும்பலகையில் ஒரு கையை மட்டும் கிறுக்கினாலும் அது யார் என்று சொல்லிவிடலாம். உருவத்தின் அந்தச் சிக்கனமே அதன் ஆயுள்.

ஒரு கடன் மட்டும் பாக்கியிருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் வார இதழ்கள் ஓவியர் பெயரைப் பெரும்பாலும் அச்சிடவில்லை. அதனால் ஒரு தலைமுறைத் தமிழ் வாசகர்கள் கிராண்டேலை அறிந்தார்கள், பிளாஸ்கோவை அறியவில்லை. மாயாவிக்கு நேர்ந்தது அவனை வரைந்தவருக்கும் நேர்ந்தது: கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. ‘ஆட்டோமாட்டா’வின் இறுதியில் உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியலே எதிரிகளாக இறங்கி வரும். அவற்றோடு போராடி, பெரும்பாலும் முன்பின் தெரியாத மற்ற ஆட்டக்காரர்களின் உதவியோடுதான் ஆட்டத்தை முடிக்க முடியும். செய்தவர்களின் பெயரை யாரும் கவனிக்காமல் கடந்துபோக முடியாதபடி ஒரு ஜப்பானியக் கலைஞர் செய்துவிட்டார். பிளாஸ்கோ 1995-இல் காலமானார். பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனம் 2021-இல் இந்தத் தொடரின் தொடக்கத்தைச் செப்பனிட்டு, புல்மர், பிளாஸ்கோ பெயர்களோடு புத்தகமாகக் கொண்டுவந்தது. தமிழிலும் அதைச் செய்ய வேண்டும், இன்னும் ஒருபடி மேலே போகவும் வேண்டும். மொழிபெயர்த்தவர், பலூனுக்குள் எழுத்தைக் கோத்தவர், அச்சுக்கூடத்தில் மையின் அளவு பார்த்தவர் எல்லோருடைய பெயரையும் நினைவிருப்பவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மாயாவி ஒன்று கிடந்தால் எடுத்து, கதைக்காக அல்லாமல், அந்தக் கையை மட்டும் பக்கம் பக்கமாகப் பாருங்கள். பார்த்துவிட்டு, அதை வரைந்தவரின் பெயரை அடுத்தவரிடம் சொல்லுங்கள். விமர்சனத்தின் முதல் வேலை அதுதான்.