நல்லூர்: மதிலுக்குப் புறத்தே

யாழ்ப்பாண அரசின் தலைநகராக விளங்கிய நல்லூரைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை மன்னரைப் பற்றியனவே. ஆரியச்சக்கரவர்த்திகளின் வரன்முறை, 1450ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த சப்புமல் குமாரயாவின் படையெடுப்பு, 1619இல் சங்கிலி குமாரனின் வீழ்ச்சி என்பன மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டுள்ளன. அந்நகருக்குச் சோறிட்டவர் யார் என்னும் வினாவோ அரிதாகவே எழுந்துள்ளது.

இக்குறை மூலநூலிலேயே தொடங்குகின்றது. மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றியது ஒல்லாந்தர் காலத்தில். அதாவது, தலைநகர் அழிந்து ஏறத்தாழ நூறாண்டுகளின் பின்னர். மதிலும் மாளிகையும், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், வடக்கே சட்டநாதர் என்றமைந்த திசைக்கோயில்களும் அந்நூலில் ஒழுங்குற விளங்குகின்றன. குடியேற்றத்தைக் கூறுமிடத்து ஊர்தோறும் அமர்ந்த பிரபுக்களின் குலப்பெருமை பேசப்படுகின்றது. அவர்தம் நிலத்தில் உழைத்தோருக்குப் பெயரில்லை. சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் இராசநாயகமும் இந்நூலின் கால முரண்களை அஞ்சாது ஆராய்ந்தனர். எனினும் அவர்தம் வாதமும் பெரும்பாலும் அரசவரிசையையே சுற்றி நின்றது.

அன்றாட வாழ்வை அறியத் தேசவழமையே கூடிய பயன் தருவது. 1707இல் கிளாஸ் ஐசாக் தொகுத்த இச்சட்டக்கோவை சீதனம், முதுசம், ஒற்றி ஆகியவற்றோடு கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என அடிமைகளையும் வகைப்படுத்துகின்றது. தொகுப்பைப் பார்வையிட்டு இசைவு தெரிவித்தோர் பன்னிரு முதலிமார். எனவே அதுவும் உடைமையாளர் குரலே! ஆயினும் வைபவமாலை மறைத்த உழைப்பை அது கணக்கிலேனும் காட்டிவிடுகின்றது.

மந்திரிமனையைப் பழம்பெருமையின் சின்னமாகப் போற்றுகிறோம். இன்றுள்ள கட்டிடத்திலோ ஐரோப்பியர் காலக் கைவண்ணம் வெளிப்படை. அதனினும் முத்திரைச்சந்தை என்னும் இடப்பெயர் நமக்குக் கூடுதலாகச் சொல்லக்கூடும். சந்தை என்றதும் விற்றவரும் வாங்கியவரும் சுமந்தவரும் வந்துவிடுகின்றனரல்லவா?

நல்லூரிலிருந்து நாயன்மார்கட்டைக் கடந்தால் அரியாலை. வயலும் பனங்கூடலும், அப்பால் கடனீரேரியும். நெல்லும் மீனும் பனம்பொருளும் விளையும் இத்தகைய அயலூர்களையும் சேர்த்தே தலைநகரை வரையறுத்தல் வேண்டும். இதற்கான சான்றுகள் ஒல்லாந்தர் தோம்புகளிலும், காணிப்பெயர்களைத் தலைமுறைதோறும் சுமந்துவரும் பழைய உறுதிகளிலும் உள்ளன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டுப் பெட்டகங்களில் இருந்தவை பல அழிந்தன. எஞ்சியவற்றைப் படியெடுக்கும் பணியை அரியாலையிலிருந்தே தொடங்கலாம். காணிப்பெயர்களின் பொருளை விளக்கவல்ல முதியோர் அங்கு இன்னும் உளர்.