கேள்வி நேரமும் தீர்மானப் புத்தகமும்

2015 ஆம் ஆண்டு தொடக்கம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு வாசிகசாலை. அரைச்சுவர் வைத்த ஓட்டுக் கட்டடம், அறுபது பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு ஒலிவாங்கி. கிணறுகளில் கழிவு ஒயில் கலந்தது பற்றி ஒரு விரிவுரை, அதன் பின் மூவர் இருந்து பேசும் கலந்துரையாடல். ‘அனுமதி இலவசம்’ என்று அறிவித்தலில் போடவில்லை. பேச்சுக் கேட்கக் காசு வாங்கலாம் என்ற நினைப்பே எங்கள் ஊரில் யாருக்கும் வந்ததில்லை.

விரிவுரை முடிந்ததும் பின்வரிசையில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழும்பி வந்தார். துணிப்பையிலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். யன்னல் வெளிச்சம் பட்ட பக்கம், மேலே மயிற்கழுத்து நிறத்தில் மெல்லிய படலம்.

“மாஸ்ரர், கேள்வியை மட்டும் கேளுங்கோ. நேரம் போகுது” என்றார் தலைவர்.

“கேள்வி இதுதான். இதைக் குடிக்கலாமோ, கூடாதோ?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். “நான் குடிக்கமாட்டன் ஐயா” என்றார். அன்று மாலை முழுக்கப் பேசப்பட்டதில் ஊருக்குப் பயன்பட்ட வார்த்தை அதுதான். ஒன்றரை மணி நேர விரிவுரை தொடாத இடத்தை ஒரு போத்தல் தொட்டது.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது தமிழகத்தில் வேறொரு கிணறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1990 இல் கடல் கடந்து போய், 2013 இல் ஊர் திரும்பியவர்களில் நானும் ஒருவர். நடுவிலிருந்த வருடங்களில் பெரும்பகுதி ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகர் அகதி முகாமில் கழிந்தது. முகாமில் இருப்பவர்களுக்குப் பதிவேடு என்பது மூச்சு மாதிரி. பெயர் கூப்பிடும்போது நிற்க வேண்டும், வெளியே போனால் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அப்படி இருந்த எனக்குத் தமிழகத்தின் பொதுக்கூட்டங்களும் சொற்பொழிவுகளும் பெரிய ஆறுதல். திடலுக்குள் நுழையும்போது பெயர் கேட்க ஆளில்லை. 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்திவரும் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு, சத்தியமங்கலம், கோபி வழியாகப் பேருந்து பிடித்துப் போயிருக்கிறேன். மாலைச் சொற்பொழிவுக்கு ஆயிரக்கணக்கில் சனம். விசைத்தறிப் பஞ்சு தலைமுடியில் ஒட்டியபடியே ஷிப்ட் முடிந்து வந்தவர், மடியில் தூங்கும் பிள்ளையோடு ஒரு தாய், பள்ளிச் சீருடையில் வரிசையாகப் பெண் பிள்ளைகள். இரண்டு மணி நேரம் அசையாமல் கேட்டார்கள். அந்தக் காட்சிக்கு ஈடாக ஒன்றை ஈழத்தில் நான் பார்த்ததில்லை.

ஆனால் கூட்டம் பெருகப் பெருக, கேட்பவர் வாய் மூடிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் நான் போன பல ஊர்க் கூட்டங்களில் ஒரே ஒழுங்குதான். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, வாழ்த்துரை, பிறகு சிறப்புரை. சிறப்புரை முடியும்போது மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000 ஆம் ஆண்டு விதி. ஆகவே நன்றியுரை அவசரமாக நடக்கும்; பேச்சாளர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். ஊர்ச் சாக்கடையைப் பற்றிப் பேச அழைத்திருந்தாலும் அவர் கொண்டுவந்திருப்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் பேச்சாக இருக்கும். பட்டிமன்றம் என்றால் கேட்கவே வேண்டாம்: இரண்டு அணி, ஒரு நடுவர், தீர்ப்பும் மேடையிலிருந்தே வந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் கூட்டம் மூன்று, நாலு மணிக்குத் தொடங்கும். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரவேண்டும் என்பது ஊரடங்குக் காலம் விட்டுச்சென்ற பழக்கம். கடைசி மினிபஸ்ஸும் காத்திராது. பெரும்பாலும் அது யாரோ ஒருவருடைய நினைவுப் பேருரையாக இருக்கும். ஏப்ரல் 26 இல் அரசியல் தலைவர் தந்தை செல்வா நினைவுப் பேருரை போன்ற பெரியவை ஒரு பக்கம். ஊர்மட்டத்தில், இறந்துபோன தலைமை ஆசிரியரின் பிள்ளைகள் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ அனுப்பும் காசில் மண்டபமும் தேநீரும் வடையும் ஏற்பாடாகும். பேச்சு இலவசமாவது இப்படித்தான், ஒரு சாவின் பெயரில். கொழும்பில் பௌர்ணமி விடுமுறை நாட்களும் கூட்டங்களுக்குத் தோதானவை; வெள்ளவத்தையில் உள்ள, 1942 இல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் இன்றைக்கும் அந்த நகரத்துத் தமிழர் கூடிப் பேசும் இடம். எங்கே நடந்தாலும் கடைசியில் ‘சபையோர் கருத்துரை’ என்று ஒரு பகுதி இருக்கும். அதை யாராவது விட்டுவிட்டால் முன்வரிசை சண்டைக்கு வரும்.

இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கூடப் பிறந்த குணம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரு கரைப் பேச்சுக்கும் மூலம் ஒன்று. 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகநாவலர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமாரின் பிரசங்க முறையை அருகிலிருந்து அறிந்தவர் அவர்; பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். அவருக்கு நாவலர் பட்டம் கொடுத்தது தமிழகத்துத் திருவாவடுதுறை ஆதீனம். தமிழ் மேடைப் பேச்சை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட்டும் இந்தப் பிரசங்க மரபிலிருந்தே கதையைத் தொடங்குகிறார். அந்தப் பிரசங்கத்தில் கேள்வி நேரம் இருந்திருக்காது. குரு பேசுவார், அடியார் கேட்பார். அது தமிழகத்தில் 1908 தூத்துக்குடியில் மில் தொழிலாளர் முன் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சாகி, பின் திராவிட இயக்கத்தாரின் தெருமுனைக்கும் மைதானத்துக்கும் பெருகியது. எங்களிடமும் மைதானம் இருந்தது. 1974 ஜனவரி 10 இரவு, தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள், யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே அறிஞர் பேச்சைக் கேட்கத் திரண்டிருந்த சனத்துக்குள் பொலிஸ் புகுந்து உயிர்கள் போயின. அதற்குப் பிறகு 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், அவசரகாலச் சட்டம், போர். மைதானத்துப் பேச்சு மண்டபத்துக்குள் போய், மண்டபத்திலிருந்து வாசிகசாலைக்கு ஒடுங்கியது. அறுபது பேர் இருக்கும் இடத்தில் கேள்வி கேட்பது சுலபம். எங்கள் கேள்வி நேரம் ஒடுங்கிப்போனதில் கிடைத்தது.

அந்த அறுபது பேரிலும் பெண்கள் பத்துப்பேர்தான், அதில் பாதி தேநீர் கொடுக்க எழும்பிவிடுவார்கள். ஒலிவாங்கி முன்வரிசை வேட்டிகளைத் தாண்டிப் பின்னால் வருவது அரிது. போர் முடிந்த பின்னும், கூட்டம் கலையும்போது வாசலில் வந்து ஏற்பாட்டாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் குறித்துக்கொண்டு போனவர்களை நான் கண்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பத்துக் கதிரை வெறுமையாக இருக்கும்.

இனி அந்த மற்றக் கிணறு. 2008 இல் தறி வேலைக்காகச் சென்னிமலைப் பக்கம் இருந்தேன். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, 1992 இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையையே சாயக்குட்டையாக்கி வைத்திருந்த காலம். ஜனவரி 26 அன்று பள்ளிக்கூட மரத்தடியில் கிராம சபை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இன்படி வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்; 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேராவது கூடவேண்டும். ஊராட்சிச் செயலர் நோட்டை என் பக்கம் நீட்டினார்.

“நீங்க எந்த வார்டுங்க?”

“முகாமுங்க.”

“அப்பக் கையெழுத்து வேண்டாமுங்க. ஓரமா உக்காந்து கேளுங்க.” அன்பாகத்தான் சொன்னார். உட்கார்ந்து கேட்டேன்.

வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆள் கணக்குக் காட்டத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தவர் சலித்துக்கொண்டார். அந்தப் பெண்களில் ஒருவர் எழுந்தார். “கெணத்துத் தண்ணி செவப்பா வருதுங்க. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருது. எழுதுங்க.”

“எழுதியாச்சுங்கம்மா.”

“படிச்சுக் காட்டுங்க.”

செயலர் படித்தார். ஒரு வரிதான். அந்த அம்மா முழுதும் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவருக்கு யாரும் விரிவுரை செய்யவில்லை, பொன்னாடையும் போர்த்தவில்லை. ஆனால் அவர் சொன்னது எண் போட்ட தீர்மானமாக அரசாங்கத்தின் புத்தகத்தில் ஏறியது. தீர்மானம் போட்டதோடு சாயம் நின்றுவிடவில்லை. விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியிருந்தது. கிராம சபை முடியும்வரை ஒப்புக்கு உட்கார்ந்திருக்கும் ஊர்களும் நிறைய உண்டு. அப்படியிருந்தும், ‘படிச்சுக் காட்டுங்க’ என்று கேட்கும் உரிமையை அந்த அம்மாவுக்குச் சட்டம் கொடுத்திருந்தது.

எங்கள் ஊரில் எனக்கு வாக்கு இருக்கிறது. கையெழுத்துப் போட அப்படி ஒரு நோட்டு இல்லை. பிரதேச சபை அமர்வைப் பார்வையாளராக இருந்து கேட்கலாம், வாய் திறக்க முடியாது. மலையகத்தில் நிலைமை இன்னும் கொடியதாக இருந்தது. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்து 33 ஆம் பிரிவு தோட்டப் பகுதிகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். லயத்துப் பாதையைப் பற்றி எத்தனை கருத்தரங்கு வைத்தாலும், அதுவரை சபைக்குப் பதில் சொல்லும் கடமையே இருக்கவில்லை.

சுன்னாகக் கிணறுகளுக்காக 2019 ஏப்ரலில் கொழும்பு உயர் நீதிமன்றம் (இங்கே அதுதான் நாட்டின் அதியுயர் மன்று), கழிவு ஒயிலுக்குக் காரணமான மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதைப் பத்திரிகையில் வாசித்த அன்று, 2015 கூட்டத்தில் நடந்ததை எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வாசிகசாலைக்குப் போனேன். செயலாளர் தம்பி அலுமாரியைத் திறந்து கூட்டக் குறிப்பை எடுத்துத் தந்தார். மங்கல விளக்கேற்றியவர்களின் பெயர்கள் முழுவதும் இருந்தன. தலைமையுரை, விரிவுரை, நன்றியுரை எல்லாம் இருந்தன. கடைசியில் ‘சபையோர் கருத்துரையும் இடம்பெற்றது’ என்று ஒரு வரி. போத்தல் இல்லை. ‘நான் குடிக்கமாட்டன்’ இல்லை.

இப்போது அந்த வாசிகசாலையில் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி அரை மணித்தியாலத்துக்கு ஒரு தனிக் கொப்பி வைத்திருக்கிறோம். கேட்டவர் கேட்டபடி எழுதி, அங்கேயே வாசித்துக் காட்டி, ஒரு பிரதியைப் பிரதேச சபையில் கொடுத்து, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்கி ஒட்டுகிறோம். சென்ற முறை ஒலிவாங்கியைப் பின்வரிசையிலிருந்து தொடங்கினோம். தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிள்ளை மலக்குழியிலிருந்து கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கவேண்டும் என்று கேட்டாள். தம்பி எழுதினார். “வாசியுங்கோ அண்ணை” என்றாள்.