பல வண்டிகளால் ஆன ஒரு புல்லட்

புதுப்பித்த பழைய புல்லட் ஒன்று வந்து நின்றால், சுற்றி நிற்பவர்களின் கண் முதலில் போவது பளபளப்புக்கு. குரோம் மின்னுகிறதா, டேங்கில் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நான் குனிந்து போல்ட்டுகளைப் பார்ப்பேன். தலையின் ஆறு முனைகளும் மழுங்காமல் இருக்கின்றனவா, பொருந்தாத ஸ்பேனர் கடித்த தழும்பு இருக்கிறதா என்று தேடுவேன். வண்டியைக் கட்டியவரின் கை எப்படிப்பட்டது என்பது பெயின்ட்டில் தெரியாது, அங்கேதான் தெரியும்.

காரணம் மரை. புல்லட்டின் வடிவம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்திலிருந்து வந்தது. பழைய வண்டிகளின் மரைகளெல்லாம் பிரிட்டிஷ் அங்குலக் கணக்கு. 5/16 அங்குல போல்ட்டின் குறுக்களவு 7.94 மி.மீ. இன்று எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற 8 மி.மீ. போல்ட் பார்வைக்கு அதேதான். ஆனால் பழைய புல்லட்டில் இருக்கும் ‘சைக்கிள்’ வகை மரையில் அங்குலத்துக்கு 26 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வழக்கமான 8 மி.மீ. போல்ட்டில் அது 1.25. இரண்டு சுற்று இனிமையாக ஏறும், மூன்றாவதில் இறுகும். பொறுமையுள்ளவர் அங்கேயே கழற்றிவிடுவார். அவசரக்காரர் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி முடுக்குவார், அறுபது வருடம் தாங்கிய மரை அந்த ஒரு நொடியில் போய்விடும். சரியான போல்ட் கிடைக்கும்வரை ஒரு வண்டியை மாதக்கணக்கில் ஓரமாக நிறுத்திவைக்கும் மெக்கானிக்குகளை நான் கலைஞர்கள் என்றே சொல்வேன்.

சென்னையில் இந்தக் கலை தழைத்ததற்குச் சரித்திரம் இருக்கிறது. எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 1950களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்தார்கள். 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. இங்கே வேலை நிற்கவில்லை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. என்கிற அந்த இன்ஜின் பல பத்தாண்டுகள் அடிப்படையில் மாறாமல் வந்துகொண்டே இருந்தது. புதுமை இல்லையே என்று அந்தக் காலத்தில் குறைப்பட்டவர்கள் உண்டு. இன்று புதுப்பிக்க உட்காருகிறவருக்கு அதுவே கொடை. தொண்ணூறுகளில் லாரி மோதி நொறுங்கிய ஒரு வண்டியின் ராக்கர், 1960களின் வண்டியில் போய் அழகாக உட்காரும். ரெட்டிச்சில் செய்த புல்லட்டை வைத்திருக்கும் இங்கிலாந்துக்காரர்கள்கூட இந்தியப் பாகங்களைத் தேடி வாங்குவது இதனால்தான்.

கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் பாகம் பொறுக்குகிறவரைக் கவனித்துப் பார்ப்பது தனி ரசனை. கைதேர்ந்தவர் பொருளைப் பார்ப்பதைவிடத் தொடுவதுதான் அதிகம். சிலிண்டரைத் தூக்கினால் உள்ளே விரல் நகத்தை மேலே கொண்டுபோவார். பிஸ்டன் ரிங் திரும்பும் இடத்துக்கு மேலே தேயாத இரும்பு மெல்லிய விளிம்பாக நிற்கும். நகம் அதில் எவ்வளவு தட்டுகிறதோ அவ்வளவு தேய்மானம். ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் போதுமா, ஸ்லீவ் போட வேண்டுமா என்று அங்கேயே தீர்மானித்துவிடுவார். கியரைக் கையில் எடுத்தால் பல்லின் ஒரு பக்கத்தை மட்டும் வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பார். “ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க சார், ஊளையிடும்” என்று ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். விற்பனைத் தந்திரம் என்று தோன்றலாம், முழு உண்மை அது. சேர்ந்து ஓடிய இரண்டு கியர்கள் ஒன்றையொன்று தேய்த்துத் தமக்குள் ஓர் இணக்கத்துக்கு வந்திருக்கும். ஒன்றைப் பிரித்து வேறொன்றோடு சேர்த்தால் சத்தம் போடும், பல்லும் சீக்கிரம் போகும். கிராங்க் கேஸின் இடது, வலது பாதிகளும் அப்படித்தான், ஜோடியாகவே வாங்க வேண்டும்.

இந்தக் கலையில் நான் மிகவும் ரசிப்பது இந்த இடத்தைத்தான். வெவ்வேறு வண்டிகளில், வெவ்வேறு ஊர்களின் புழுதியில், வெவ்வேறு அளவுக்குத் தேய்ந்த பாகங்களை ஒரே இன்ஜினில் சண்டையில்லாமல் ஓடவைக்க வேண்டும். எதைத் தேய்ந்தபடியே விடலாம், எதைக் கடைசலுக்கு அனுப்பலாம், எதைக் கண்டிப்பாகப் புதிதாகப் போட வேண்டும் என்கிற முடிவுகளில்தான் முழு வித்தையும். டைமிங் கவருக்குள் கிராங்குக்கு எண்ணெய் புகும் வாயில் ஒரு குட்டி கார்க் வாஷர் உண்டு. விலை ஒன்றுமில்லை. அது உலர்ந்து சுருங்கினால் எண்ணெய் வழியிலேயே கசிந்துவிடும், பிக் எண்டுக்குப் போய்ச் சேராது. பழைய புல்லட்டின் பிக் எண்டில் ஓடுவதோ ஃப்ளோட்டிங் புஷ். எண்ணெய்ப் படலம்தான் அதற்கு உயிர். நல்ல மெக்கானிக் புதுப்பேட்டையில் ஆயிரம் பேரம் பேசுவார், அந்தக் கார்க்கைமட்டும் பழையதில் எடுக்க மாட்டார். பிரேக் ஷூவும் டயரும் அப்படியே. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ராக்கருக்குப் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, எண்ணெய் துளிர்க்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீராகும்.

புஷ்ராடு சரிசெய்யும் வேலையும் பார்க்கத் தகுந்தது. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் நிற்க வேண்டும். பக்கத்து மூடியைத் திறந்து ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ் தேவைப்படாது, விரலே அளவுகோல்.

தானமாக வரும் பாகங்களின் கதை வேறு. காயலான் கடையில் கிடைக்காதவை சில உண்டு: கண்ணாடி உடையாத ஆம்பியர் மீட்டர், நசுங்காத டூல் பாக்ஸ் மூடி, ஹெட்லைட்டையும் மீட்டரையும் ஒன்றாகத் தாங்கி இருபுறமும் சிறு விளக்கு பதித்த அந்தக் கூடு. இவை பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். அப்பா ஓட்டிய வண்டி போய்விட்டது, அதன் ஒரு துண்டு மிச்சம். விலை கேட்டால் தர மாட்டார்கள். வண்டி நிஜமாகவே ரோட்டில் ஓடப்போகிறது என்று தெரிந்தால் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படி வந்த மீட்டரின் மஞ்சளேறிய டயலைப் புது ஸ்டிக்கரால் மூடுவது எனக்குச் சம்மதமில்லை. முள் சரியாக ஆடினால் போதும், மஞ்சள் இருக்கட்டும்.

தொழிற்சாலையில் பிறந்தபோது இருந்த பாகங்களே இருந்தால்தான் அசல் என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2021இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, 50 வருடம் தாண்டி, அசல் வடிவில் இருந்து, பெரிய அளவில் மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு ‘விஏ’ வரிசையில் தனிப் பதிவு எண் கிடைக்கும். பதிவேட்டுக்கு அது சரியான அளவுகோல்தான். ஆனால் ரோட்டில் உழைத்த வண்டி தன் வாழ்நாளிலேயே எத்தனையோ பாகங்களை மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கும். வலது காலில் கியரும், மேலே ஒன்று கீழே மூன்று என்ற அதன் முறையும், நியூட்ரலைத் தேடித் தரும் அந்தத் தனி லீவரும் இருக்கிறவரை எனக்கு அது அசல் புல்லட்தான்.

டேங்கின் தங்கக் கோட்டில்மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். திருவொற்றியூரில் அதைத் தூரிகையால், கையாலேயே இழுத்தார்கள். கோடு தொடங்கும் இடத்தில் துளி கனமாகவும் வளைவில் மெலிந்தும் இருக்கும். அதற்குப் பதில் ஒட்டிய ஸ்டிக்கர், எவ்வளவு நேராக இருந்தாலும், மற்ற எல்லா உழைப்பையும் கெடுத்துவிடுகிறது.

கட்டி முடித்த வண்டியை உதைப்பதற்கும் ஒரு நயம் வேண்டும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்பியர் முள் ஒரு பக்கம் சாய்ந்து, பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அப்போது டீகம்ப்ரஸரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சி தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. கனத்த ஃப்ளைவீல் சுழலத் தொடங்கியபின் ஐட்லிங்கைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று காதைத் தீட்டி நிற்பேன்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தோய்த்த துணியில் சுற்றி, எந்த வருட வண்டியில் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவையுங்கள். கியர்கள் இருந்தால் ஜோடி பிரிக்காதீர்கள். பக்கத்தில் புல்லட் கட்டுகிற மெக்கானிக் யார் என்று விசாரித்து, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.